வெளுத்த கடல்சாமந்தி: உங்கள் தொட்டியில் என்ன நடந்தது?

பெரம்பூர், சென்னை

குமிழ்நுனிக் கடல்சாமந்தி, அதாவது பூப்போல் விரியும் உணர்கொம்புகள் கொண்ட கடல் விலங்கு (சீ அனிமோன்) வளர்ப்பவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல; ஆனாலும் அந்த மாலை மனதை விட்டு அகலாததால் எழுதுகிறேன். ‘வெள்ளை ரகம், கிடைப்பதே அரிது’ என்று கடையில் சொல்லித் தந்த உயிர் அது. உடலுக்குள் தங்கி, வெளிச்சத்தைக் கொண்டு உணவு தயாரித்துத் தரும் பாசிகளை இழந்து வெளுத்துப்போன ஒன்றைத்தான் ரகம் என்ற பெயரில் விற்றிருக்கிறார்கள். விளக்கு மங்கும் நேரத்தில் பார்த்தபோது உணர்கொம்புகள் எல்லாம் சுருங்கி, வாய் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் திறந்து, உள்மடிப்புகள் வெளியே பிதுங்கிக்கொண்டிருந்தன. இறந்துவிட்டது என்றே எண்ணி வாளியைக் கொண்டுவந்தேன். அப்போது என் கோமாளி மீன், நான் போட்டிருந்த இறால் துணுக்கு ஒன்றைக் கவ்விவந்து அந்த வாயருகே வைத்தது. உணர்கொம்புகளில் ஒட்டும் தன்மையே இல்லாததால் துணுக்கு நழுவிக் கீழே விழுந்தது. மீன் அதைத் தேடி எடுத்து மறுபடியும் அதே இடத்தில் வைத்தது. அதற்குப் பிறகு வாளியைத் தொட எனக்கு மனம் வரவில்லை.

தூத்துக்குடி

வாய் திறந்ததும் வாளியைத் தேடும் பழக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. கடல்சாமந்தி உடலில் உள்ள பழைய நீரைக் கழித்துப் புது நீரை ஏற்றுக்கொள்வதற்காக அவ்வப்போது சுருங்கும். கழிவைப் பழுப்பு நூலாக வெளியேற்றும்போதும் வாய் விரியும். சுருங்கியது மீண்டும் உப்புகிறதா, பாதம் பாறையைப் பற்றியிருக்கிறதா என்ற இரண்டையும்தான் கவனிக்க வேண்டும். உண்மையில் இறந்ததை அடையாளம் காண்பது எளிது: என்னிடம் இருந்த ஹாடோனி, அதாவது மணலில் பாதம் புதைத்து வாழும் விரிப்பு வகை, பாதம் கிழிந்த நிலையில்தான் வந்து சேர்ந்தது. ஒரு காலையில் மூடியைத் திறந்ததும் அழுகிய வாடை அறை முழுவதும் பரவியது. தொட்டபோது சதை விரலோடு பிசுபிசுவென்று வந்தது. தண்ணீர் பால்போல் கலங்கி, மீன்கள் எல்லாம் மேற்பரப்பில் வாயைத் திறந்து திணறிக்கொண்டிருந்தன. அழுகும் கடல்சாமந்தி வெளியிடும் அமோனியா, சிறிய தொட்டியில் மற்ற உயிர்களையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும்.

கோயம்புத்தூர்

என் கடல்சாமந்தி இடம் மாறி நகர்ந்தபோது, தொட்டியில் நீரோட்டம் உண்டாக்கும் பம்பான பவர்ஹெட்டின் உறிஞ்சும் வாயில் சிக்கி, பாதி உணர்கொம்புகளை இழந்தது, பிழைத்தும் கொண்டது. இங்கு யாரும் கேட்கவில்லை என்றாலும், பிறருக்கு உதவும் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். முதலில் பவர்ஹெட்டுக்கு நுரைப்பஞ்சு உறை போடுங்கள். உப்பின் அளவைக் காட்டும் நீரின் ஒப்படர்த்தி 1.025 முதல் 1.026 வரையிலும், வெப்பம் 25 முதல் 26 டிகிரி வரையிலும் நிலையாக இருக்கட்டும்; நீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாத வீட்டில் சித்திரை வெயிலும் மின்வெட்டும் சேர்ந்து வரும் மதியமே மிகவும் ஆபத்தானது. ஆவியான நீருக்கு ஈடாக ஆர்.ஓ. நீரை மட்டும் ஊற்றுங்கள், உப்பு நீரை ஊற்றாதீர்கள். மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தாலும் செம்பு கலந்த மருந்தை அந்தத் தொட்டியில் சேர்க்கக் கூடாது. முதுகெலும்பற்ற உயிர்களுக்கு அது நஞ்சு. வாய் தொடர்ந்து பிளந்தே கிடந்து, உடல் உப்பாமலேயே இருந்தால், தனித் தொட்டியில் ஏறத்தாழ 38 லிட்டருக்கு 250 மில்லிகிராம் சிப்ரோஃப்ளாக்சசின் (பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து, சுருக்கமாக சிப்ரோ) என்ற அளவில் கரைத்து, நாள்தோறும் நீரை முழுவதும் மாற்றி, ஒரு வாரம் வைத்திருப்பது பலரும் கடைப்பிடிக்கும் முறை. அந்த மருந்து வெளிச்சத்தில் சிதைவதால் விளக்கணைத்த பிறகே கலக்க வேண்டும். முதன்மைத் தொட்டியில் அதை ஊற்றினால் கழிவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியாக்களும் அழியக்கூடும்.

சிங்கப்பூர்

சிப்ரோ பாக்டீரியாவின் மீது வேலை செய்யும் மருந்து. போன பாசியைத் திருப்பித் தராது. வெறுமனே வெளுத்து, பாதம் உறுதியாக இருக்கும் ஒன்றைப் பிய்த்தெடுத்து மருந்துத் தொட்டிக்கு மாற்றினால், பாதம் கிழிந்து அதுவே இறப்புக்குக் காரணமாகலாம். என்னிடம் வெளுத்து வந்த ஒன்றை, வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்துத் தொடங்கி, வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் கூட்டித்தான் மீட்டேன். பாசி இல்லாத உடலின் மீது திடீரென்று முழு வெளிச்சம் விழுந்தால் அது இன்னும் நலிவடையும். அதுவரை பசியை இறால்தான் ஆற்ற வேண்டும்: விரல் நகத்தில் பாதியளவு துண்டு, வாரத்துக்கு இரு முறை. பெரிய துண்டாகக் கொடுத்தால் சில மணி நேரத்தில் அப்படியே கக்கிவிடும்.

பெரம்பூர், சென்னை

தூத்துக்குடி அன்பருக்கு: பாதம் பற்றியிருந்தது, வாடையும் இல்லை, உங்கள் கருத்து சரியே. மருந்துத் தொட்டிக்கு மாற்றவில்லை. இறாலை அரைத்து, மீன் பறித்துக்கொண்டு போகாதபடி வெட்டிய பிளாஸ்டிக் புட்டியால் மூடி ஊட்டுகிறேன். உணர்கொம்புகளின் அடிப்பகுதியில் இப்போது மெல்லிய பழுப்பு தெரிகிறது. நேற்று பிளாஸ்டிக் குச்சியின் நுனி அதில் ஒட்டிக்கொண்டது. சிங்கப்பூர் அன்பர் ஒன்றைத் தெரிவிக்க வேண்டும்: பழுப்பு எந்த அளவுக்குப் பரவிய பிறகு வெளிச்சத்தைக் கூட்டத் தொடங்கினீர்கள்?