செம்பனைத் தோட்டத்து மேட்டில் எஞ்சின் அதிகமாகச் சூடேறுகிறது

செம்மண்சாலை (சுங்கை சிப்புட்):
அனைவருக்கும் வணக்கம். பெட்ரோலையும் காற்றையும் கலந்து அனுப்பும் கார்புரேட்டர் உள்ள பழைய ஹோண்டா இஎக்ஸ்5 மோட்டார் சைக்கிளில், உர மூட்டையைக் காலுக்கிடையே வைத்துக்கொண்டு தோட்டத்து மேடுகளில் ஏறும்போது, மதிய நேரத்தில் இழுவை குறைந்து எஞ்சினில் தட்டும் சத்தம் கேட்கிறது. நிழலில் சற்று நேரம் நிறுத்தினால் பழையபடி ஓடுகிறது. பட்டறையில் பிஸ்டன் ரிங்கை மாற்றச் சொன்னார்கள். ஆனால் ரிங் தேய்ந்தால் வரும் புகையும் இல்லை, எண்ணெயும் குறையவில்லை. இந்த வெயில்தான் காரணமா? சூட்டோடு எஞ்சின் மேல் தண்ணீர் ஊற்றலாம் என்கிறார் அப்பா, அது சரியா?

பழையபட்டறை (தைப்பிங்):
தம்பி, தண்ணீர் ஊற்ற வேண்டாம். சிலிண்டரை மூடும் அலுமினியத் தலைப்பகுதியும் இரும்பு சிலிண்டரும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. திடீரெனக் குளிர்ந்தால் தலைப்பகுதி வளைந்து, இரண்டுக்கும் இடையில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் கசியத் தொடங்கும்.

வெயிலின் மேல் முழுப் பழியையும் போட முடியாது. நம் பக்கம் வழக்கமான மதிய வெப்பமே 32, 33 டிகிரி இருக்கும். தொடர்ந்து மூன்று நாள் 35 டிகிரியை எட்டினால்தான் மலேசிய வானிலை ஆய்வுத் துறை முதல் நிலை வெப்ப எச்சரிக்கை விடுக்கிறது. நூறு டிகிரிக்கு மேல் வேலை செய்யும் சிலிண்டர் தலைக்கு இந்த இரண்டு மூன்று டிகிரி பெரிதல்ல. காற்று போய்ச் சேராததுதான் அதற்குப் பெரிய துன்பம். இஎக்ஸ்5-இன் சிலிண்டர் ஏறக்குறைய படுத்த நிலையில் முன் சக்கரத்தைப் பார்த்து இருப்பதால், சேறு அடைக்கிறதென்று முன் மட்காட்டை வெட்டிவிட்டவர்களின் வண்டியில் செம்மண் நேராக அங்கே போய் அப்பிக் காய்ந்துவிடுகிறது. முதல் கியரில் மெதுவாக ஏறும்போது வீசும் காற்றே குறைவு, அதையும் மூட்டை மறைக்கிறது. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, சூட்டை வெளியேற்ற சிலிண்டரைச் சுற்றி இருக்கும் செதில்களின் இடுக்குகளை, குறிப்பாக அடிப்பக்கத்தை, பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். மூட்டையைப் பின்னால் கட்டுங்கள்.

அடுத்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவாகவும் காற்று அதிகமாகவும் போகிறது. கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் எங்கேனும் காற்று கசிகிறதா என்று தேட வேண்டும். காற்று வடிகட்டி அடைத்தால் சூடாகும் என்று பலர் சொல்வது கார்புரேட்டர் வண்டிக்கு அவ்வளவாகப் பொருந்தாது. அப்போது முனை கறுக்கத்தான் செய்யும். அதற்காக வடிகட்டியைக் கழற்றி எறிந்து ஓட்டினால், தோட்டத்துத் தூசி உள்ளே போய், பட்டறைக்காரர் சொன்ன ரிங் செலவு உண்மையாகிவிடும்.

இரவுப்பணி (பீடோர்):
எண்ணெயையும் கவனியுங்கள். விலை மலிவு என்று காருக்குரிய எண்ணெயை ஊற்றினால், நம் வண்டிகளின் கிளட்ச் அதே எண்ணெயில் நனைந்து வேலை செய்வதால் வழுக்கும். மேட்டில் வழுக்கும் கிளட்சே தனியாக ஒரு சூடு. டப்பாவில் ஜாசோ எம்ஏ (எண்ணெயில் நனையும் கிளட்ச்சுக்கு ஏற்றது என்ற தரக்குறி) என்று இருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

வைபதினைந்து (கோல கங்சார்):
என்னுடைய யமஹா ஒய்15இசட்ஆர், எஞ்சினைத் திரவத்தால் குளிர்விக்கும் ரேடியேட்டர் உள்ள வண்டி. அதுவும் தோட்டத்துக்குள் போனால் சூடாகிறதே?

பழையபட்டறை:
அங்கேயும் சேறுதான், அடைக்கும் இடம்தான் வேறு, ரேடியேட்டர். மென்மையான வேகத்தில் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். கழுவு கடையின் அழுத்தக் குழாயை நெருக்கமாகப் பிடித்தால் ரேடியேட்டர் செதில்கள் மடங்கிவிடும். ரேடியேட்டருக்குள் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டாதீர்கள். தண்ணீரோடு பாதிக்குப் பாதி கூலண்ட் என்ற குளிர்விப்புத் திரவம் கலந்தால் கொதிநிலை 100-இலிருந்து ஏறக்குறைய 107 டிகிரிக்கு உயரும். மூடியின் அழுத்தம் அதை இன்னும் ஏற்றும். அந்த அழுத்தம் இருக்கும்வரை மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும்.

செம்மண்சாலை:
நன்றி ஐயா. அடிப்பக்கச் செதில்கள் முழுதும் மண் மூடியே இருந்தன. பிளக் முனை நல்ல பழுப்பு நிறம். மூட்டையைப் பின்னால் கட்டி அதே மேட்டில் மதியத்தில் ஏறினேன், தட்டும் சத்தம் வரவில்லை. நானும் வெட்டிவிட்டிருந்த முன் மட்காட்டுக்குப் பதில் புதியதற்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.