என்.ஐ.டி.யில் ஆடி இந்தியானா ஸ்டேட் கண்ட பலன் என்ன?

வளையவேலன்:
அமெரிக்கக் கூடைப்பந்தில் சிறிய கல்லூரி அணிகளுக்கு இரண்டாம் நிலைக் கோப்பைகள் வெறும் ஆறுதல் பரிசு என்று எழுதுகிறவர்களுக்கு ஒரு கேள்வி. 2024 மார்ச்சில் இந்தியானா ஸ்டேட் 28 வெற்றி, 6 தோல்வியுடன் நின்றது. கூடைப்பந்து நட்சத்திரம் லாரி பேர்ட் படித்த கல்லூரி. மிசூரி வேலி லீக்கில் முதலிடம் பிடித்தும், லீக் கோப்பை இறுதியில் டிரேக் அணியிடம் 84-80 என்று தோற்றதால் 68 அணிகளின் தேசியப் போட்டிக்கு அழைப்பு வரவில்லை. கிடைத்தது என்.ஐ.டி. (திருச்சியில் இருப்பது அல்ல, 1938 முதல் நடக்கும் கூடைப்பந்துப் போட்டி. இப்போது தேசியப் போட்டியில் இடம் கிடைக்காத அணிகள் ஆடுவது.)

மின்னசோட்டா, சின்சினாட்டி போன்ற பெரிய பல்கலைக்கழக அணிகள் சாதாரண நாளில் இந்தியானா ஸ்டேட் இருக்கும் டெர ஹோட் மாதிரி ஊருக்கு வந்து ஆடுமா? என்.ஐ.டி.யில் வந்தே ஆக வேண்டியிருந்தது. இரண்டுமே தோற்றுத் திரும்பின. சின்சினாட்டி ஆட்டத்தன்று அந்த ஊர் அரங்கமான ஹல்மன் சென்டரில் நானும் இருந்தேன். எங்கள் ஆட்டக்காரர் ராபி அவிலா விளையாட்டுக் கண்ணாடி அணிந்து ஆடுவார். எனக்கு முன்வரிசையில் ஒரு சிறுவன் அதேபோல் ஒன்றை மாட்டியிருந்தான். வியர்வையில் அது மூக்கிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தது, கழற்ற மட்டும் மறுத்துவிட்டான். இதற்கு என்ன விலை போடுவீர்கள்?

கணக்குப்பிள்ளை:
விலை போட்டுத்தான் வாங்கிவிட்டார்களே! கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். என்.ஐ.டி. இறுதி ஆட்டத்தில் இந்தியானா ஸ்டேட்டைச் சீட்டன் ஹால் 79-77 என்று வென்றது. சில நாட்களிலேயே பயிற்சியாளர் ஜோஷ் ஷெர்ட்ஸ் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அவிலாவும் பின்னாலேயே போய்விட்டார். அந்தச் சிறுவனின் கண்ணாடி மட்டும் ஊரில் மிச்சம்.

சீட்டன் ஹாலின் பயிற்சியாளர் யார் என்று பாருங்கள்: ஷாஹீன் ஹாலோவே. 2022இல் ஜெர்சி சிட்டியின் செயின்ட் பீட்டர்ஸ் என்ற சின்னக் கல்லூரியைக் கென்டக்கி, மரே ஸ்டேட், பர்டூ மூன்றையும் வீழ்த்தவைத்துக் தேசியப் போட்டியின் காலிறுதிக்குக் கொண்டுபோனவர். அந்த வெற்றியே அவரைப் பெரிய இடத்துக்குத் தூக்கிச் சென்றது. நன்றாக ஆடினால் தறியும் போகும், நெசவாளியும் போவார்.

உங்கள் திருச்சிக்கு என் பங்கு: இடம் கிடைக்காத அணிகளுக்குச் சி.பி.ஐ. என்று இன்னொரு போட்டி உண்டு, சோதனை போட வருபவர்கள் அல்ல. 2008இல் தொடங்கியது. அங்கே ஆட அணிதான் பணம் கட்ட வேண்டும்! 2016இல் 'வேகாஸ் 16' என்று வேறொரு போட்டியும் நடந்தது. வந்தவை எட்டு அணிகள்.

வளையவேலன்:
ஷெர்ட்ஸ் என்.ஐ.டி.யால் போகவில்லை ஐயா, 28 வெற்றியால் போனார். மார்ச்சோடு வீட்டுக்கு அனுப்பியிருந்தாலும் போயிருப்பார். ஊருக்கு அந்த ஆட்டங்கள்கூடக் கிடைத்திருக்காது.

இன்னொன்று. லீக்கில் முதலிடம் பிடித்துக் கோப்பையில் தோற்று, தேசியப் போட்டிக்கும் அழைப்பு வராத அணிக்கு 2023 வரை என்.ஐ.டி.யில் இடம் உறுதி. 2024இல் அந்த உறுதியை எடுத்துவிட்டுப் பெரிய லீக்குகளுக்குத் தனி ஒதுக்கீடு கொடுத்தார்கள். உதவாத சரக்குக்கா இத்தனை போட்டி?

கணக்குப்பிள்ளை:
கொடுத்த இடத்தை அவர்களில் பலர் வாங்கவே இல்லையே. ஓக்லஹோமா, பிட்ஸ்பர்க், செயின்ட் ஜான்ஸ் எல்லாம் வேண்டாம் என்றுவிட்டன. தேசியப் போட்டியில் ஓர் ஆட்டம் ஆடினால் லீக்குக்கு ஆறு ஆண்டுகளில் ஏறக்குறைய 20 லட்சம் டாலர் வரும். என்.ஐ.டி.யில் அப்படி ஒன்றும் இல்லை. சி.பி.ஐ. மாதிரிப் போட்டிக்குக் கட்டும் பணத்தை யார் தலையில் கட்டுவது? பல சின்னக் கல்லூரிகளில் அது மாணவர் கட்டணத்தில்தான் வந்து விழும்.

உடைமூட்டை:
குறுக்கிடுகிறேன், மன்னிக்கவும். முதுகலை படித்தபோது ஒரு சின்னக் கல்லூரி அணிக்குச் சட்டை துவைப்பதும் தண்ணீர் எடுத்துக் கொடுப்பதும் என் வேலை. நாங்களும் பணம் கட்டி ஒரு போட்டிக்குப் போனோம். கணக்குப்பிள்ளை சொல்வது சரி, அணியில் பாதிப் பேர் அடுத்த ஆண்டு மாறிப்போக, பேருந்திலேயே வேறு கல்லூரிகளுடன் கைப்பேசியில் பேசிக்கொண்டு வந்தார்கள். பயிற்சியாளருக்கும் தெரியும்.

ஆனால் கடைசி ஆண்டு மாணவர்கள் மூன்று பேர் இருந்தார்கள். எந்த அணியும் அவர்களை அழைக்கப் போவதில்லை. ஆட்டம் முடிந்து நான் துணிமூட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இருவர் சட்டையைக் கழற்றிப் போட்டார்கள். மூன்றாமவன் குளிக்கவும் போகாமல், ஈரச் சட்டையோடு, ஊர் வரும்வரை பேருந்தில் உட்கார்ந்திருந்தான். நான் கேட்கவில்லை. கணக்கில் ஒரு சட்டை குறைந்தது.

கணக்குப்பிள்ளை:
அந்த ஆட்டத்தில் வென்றீர்களா?

உடைமூட்டை:
இல்லை. பதினொரு புள்ளியில் தோற்றோம்.