மாணவர்கள் முன் என் நோயைப் பற்றிப் பேசியபோது

மனம் அளவுகடந்த உற்சாகத்துக்கும் ஆழ்ந்த சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் இருமுனைக் கோளாறுடன் வாழ்ந்து, படிப்பையும் வேலையையும் மீட்டெடுத்தவள் என்ற முறையில், பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்களிடம் பேசுவதற்குச் சில ஆண்டுகளாக என்னை அழைக்கிறார்கள். விழுந்தேன், எழுந்தேன் என்று முடியும் கதைக்கு அவர்கள் நன்றாகவே கைதட்டுவார்கள். ஆனால் மனநோய் பற்றிய கூச்சம் குறைவதை நான் கண்டது, விழுந்ததற்கும் எழுந்ததற்கும் இடைப்பட்ட அன்றாடத்தைப் பற்றி அவர்களே கேள்வி கேட்ட வேளைகளில்தான்.

ஒருமுறை முன்வரிசை மாணவர் ஒருவர், ஒலிவாங்கியைப் பிடித்திருக்கும் என் கை ஏன் நடுங்குகிறது, பயமா என்று கேட்டுவிட்டார். விரிவுரையாளருக்கு முகம் சிவந்துவிட்டது. எனக்கோ அதைவிட நல்ல கேள்வி கிடைத்திருக்காது. இந்த நோய்க்கு நான் எடுக்கும் லித்தியம் மாத்திரையின் பக்கவிளைவு அது என்றும், இரத்தத்தில் அதன் அளவு மிகுந்தால் நஞ்சாகிவிடும் என்பதால் அவ்வப்போது இரத்தம் எடுத்து, சிறுநீரகமும் தைராய்டும் சரியாக இயங்குகின்றனவா என்றும் சேர்த்துப் பார்ப்பார்கள் என்றும் விளக்கினேன். உடனே, எடை கூடுமா, தேர்வு நாளில் தூக்கம் வராதா, திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்று நாலாபக்கமிருந்தும் கேள்விகள் வந்தன. சிங்கப்பூரில் ஏழு பேரில் ஒருவர் வாழ்நாளில் மனநலப் பாதிப்புக்கு உள்ளாகிறார் என்ற 2016ஆம் ஆண்டு மனநல ஆய்வின் கணக்கைச் சற்று முன்புதான் திரையில் காட்டியிருந்தார்கள். அப்போது பாதிப் பேர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வேலை விண்ணப்பத்தில் நோயைக் குறிப்பிட வேண்டுமா என்பது எங்கு போனாலும் வரும் கேள்வி. பணிக்குத் தேவையில்லாதபோது முதலாளிகள் அதைக் கேட்கக்கூடாது என்ற வழிகாட்டுதல் 2020இலேயே வந்துவிட்டது. மனநலப் பாதிப்பைக் காரணம் காட்டிப் பாகுபாடு பார்ப்பதைத் தடுக்கும் வேலையிட நியாயச் சட்டமும் 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

தமிழ்ப் பிள்ளைகள் பெரும்பாலும் கூட்டத்தில் கை உயர்த்துவதில்லை. எல்லாரும் கலைந்த பிறகு ஒரு மாணவி பையைத் தோளில் மாட்டியபடியே நின்று, "அக்கா, மருத்துவரிடம் போக வேண்டும் என்று அம்மாவிடம் எப்படிச் சொல்வது?" என்றாள். அர்ச்சனை செய்தாயிற்று, கையில் கறுப்புக் கயிறும் கட்டியாயிற்று, மருத்துவர் என்றால் மட்டும், "வெளியே தெரிந்தால் நாளைக்கு உன்னை யார் பெண் கேட்டு வருவார்கள்?" என்று பேச்சு நின்றுவிடுகிறதாம். அவளுடைய பாட்டி இன்னும் 'உட்பிரிட்ஜ்' என்றுதான் சொல்வாராம். இயோ சூ காங்கில் அந்தப் பெயரில் இருந்த மனநல மருத்துவமனை, மனநலக் கழகமாகி 1993இல் புவாங்கோக்கிற்கு இடம் மாறியது. பழைய கேலியும் கூடவே வந்து சேர்ந்துவிட்டது.

கயிற்றை அவிழ்க்கச் சொல்லவில்லை. என் அம்மாவும் எனக்குக் கட்டியவர்தான், மாத்திரைக்கு அது குறுக்கே நின்றதில்லை. 16 முதல் 30 வயதுக்குட்பட்டோருக்கு இலவசமாக மனநல மதிப்பீடு செய்யும் 'சாட்' சேவையைப் பற்றிச் சொல்லி, மருத்துவமனை என்ற சொல்லுக்கே அஞ்சும் அம்மாவை முதலில் அங்கே அழைத்துப் போகலாம் என்றேன். அதைக் குறித்துக்கொண்டவள், திருமணத்துக்கு முன்பே என் கணவரிடம் சொன்னேனா என்றும் கேட்டாள். சொன்னேன் என்றேன். அதற்கு முன் வந்த ஒரு வரன் அதனாலேயே கைவிட்டுப் போனதையும் மறைக்கவில்லை. இனிப்பான பாதியை மட்டும் சொன்னால், வீட்டுக்குப் போய் அவள் சந்திக்கப் போகும் எதிர்ப்புக்கு அது உதவாது.

இப்போதெல்லாம் ஏற்பாட்டாளர்கள் அரை மணி நேரப் பேச்சும் ஐந்து நிமிடக் கேள்வியும் என்று கேட்டால், பாதிப் பாதியாக்கச் சொல்கிறேன். இந்தக் கூச்சத்தைக் குறைக்க மனநலக் கழக ஆய்வாளர்கள் பல்கலைக்கழக மாணவர்களிடையே நடத்திய முயற்சியிலும் விரிவுரையோடு, மனச்சோர்விலிருந்து மீண்ட ஒருவரின் நேரடிப் பேச்சு சேர்க்கப்பட்டிருந்தது. கை உயர்த்தக் கூச்சப்படுபவர்களுக்காகப் பெயரில்லாத துண்டுச்சீட்டுகளை முன்கூட்டியே வாங்கி வைக்கச் சொல்கிறேன்; மருந்தளவு போன்று மருத்துவர் மட்டுமே பதில் சொல்லக்கூடியவற்றைப் பிரித்துக் கல்லூரி மனநல ஆலோசகரிடம் கொடுத்துவிடுகிறேன்.