வேலையில் இருந்துகொண்டே படித்த அரச அதிகாரிகளே, உங்கள் அனுபவம் என்ன?

கேள்வி: தெஹிவளையிலிருந்து, உதவிப் பணிப்பாளர்

அண்ணாமார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம். கொழும்பில் ஒரு திணைக்களத்தில் வேலை. அடுத்த வருடம் ஒரு பிரிவையே பொறுப்பெடுக்க வேண்டி வரும்போல் தெரிகிறது. சனி ஞாயிறில் நடக்கும் எக்சிகியூட்டிவ் கோர்ஸ் ஒன்றில் சேரலாமா என்று யோசிக்கிறேன். எனக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். வார இறுதியும் போனால் அம்மா வீட்டிலேயே இல்லை என்றாகிவிடும். அவ்வளவு விலை கொடுத்துப் போகிற அளவுக்கு அங்கே என்ன இருக்கிறது? சான்றிதழைப் பற்றிக் கேட்கவில்லை. அலுவலகத்தில் உங்களுக்கு என்ன மாறியது என்று சொல்லுங்கள்.

வெள்ளவத்தையிலிருந்து, அமைச்சொன்றில் பணிப்பாளர்

தங்கச்சி, சேருங்கள் என்று முதலே சொல்லிவிடுகிறேன். ஏன் என்பதைக் கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டும்.

எங்கள் சேவையில் ஒருவர் எப்படி மேலே வருகிறார் என்பது உங்களுக்குத் தெரியும். போட்டிப் பரீட்சை, மலலசேகர மாவத்தையிலுள்ள ஸ்லிடாவில் (இலங்கை அபிவிருத்தி நிர்வாக நிறுவகம்) ஆரம்பப் பயிற்சி, ஒரு பிரதேச செயலகத்தில் சில வருடங்கள், இடையிடையே, பதவி உயர்வுக்குத் தாண்ட வேண்டிய வினைத்திறன்காண் தடைப் பரீட்சை. அரச சேவை விதிகளான தாபனக் கோவையும் நிதிப் பிரமாணங்களும் கரைத்துக் குடித்தவருக்குத் தடை ஒரு தடையே இல்லை. எதைச் செய்யக் கூடாது, அரச சொத்துக்கு நட்டம் வந்தால் நிதிப் பிரமாணம் (எஃப்.ஆர்.) 104இன் கீழ் எப்படி விசாரிப்பது என்பதெல்லாம் அத்துப்படி. ஆனால் ஒரு பிரிவில் பாதிப்பேர் மனம் விட்டுப் போயிருக்கும்போது, மிச்சப் பாதியை வைத்து ஒரு வேலையை எப்படி முடிப்பது என்று எந்தப் பரீட்சையிலும் கேட்பதில்லை. நல்ல குறிப்பு எழுதுகிறவர், கோப்பைத் தேங்க விடாதவர் என்று பேரெடுத்தவரைப் பணிப்பாளர் ஆக்குகிறார்கள். ஆன நாளிலிருந்து அவர் செய்ய வேண்டியது முற்றிலும் வேறு வேலை. அந்த இடைவெளியில்தான் இந்தப் படிப்பு உதவுகிறது.

நான் சேர்ந்தபோது வகுப்பில் சுங்கத்தில் ஒருவர், பொலிஸில் ஒருவர், உள்ளூராட்சி சபைச் செயலாளர் ஒருவர், பொறியியலாளர்கள், கணக்காளர்கள் எல்லோரும் இருந்தார்கள். எல்லோரும் வேலையில் இருப்பவர்கள். வெள்ளிக்கிழமை மேசையில் விட்டுவந்த பிரச்சினை சனிக்கிழமை தலைக்குள்ளேயே இருக்கும். முதல் மாதம் எங்களில் பலருக்கு எரிச்சல். ஒரு சம்பவத்தைக் கொடுத்து, நீங்கள் அந்தச் செயலாளராக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று விரிவுரையாளர் கேட்பார். நாங்கள் வாதாடி முடித்ததும் சரியான விடையைச் சொல்வார் என்று பேனையோடு காத்திருப்போம். அவர் சொல்லமாட்டார். சுற்றறிக்கையைப் பார்த்தே பழகிய எங்களுக்கு, விடை வராமல் ஒரு பாடம் முடிவது பெரிய சங்கடம். ஆனால் பணிப்பாளரின் மேசைக்கு வருகிற விடயங்களில் பாதி அப்படிப்பட்டவைதான். சுற்றறிக்கையில் விடை இருந்தால் அது கீழேயே முடிந்திருக்கும்.

எனக்கு மிகவும் உதவியது அலுவலகப் பிரச்சினையையே ப்ரொஜெக்ட்டாக எடுக்க வேண்டும் என்ற விதி. நான் எடுத்தது தமிழில் வருகிற கடிதங்கள். 1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியாயிற்று. புதிதாகச் சேரும் உத்தியோகத்தர் 5 வருடத்துக்குள் மற்ற அரசகரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்று 7/2007 சுற்றறிக்கையும் வந்தது. அப்படியிருந்தும் மட்டக்களப்பிலிருந்தோ நுவரெலியாவிலிருந்தோ ஒருவர் தமிழில் எழுதினால், பதில் எப்போது போகும் என்று எங்களில் யாராலும் சொல்ல முடியவில்லை. கூட்டத்தில் கேட்டால் ஒரே பதில்: மொழிபெயர்ப்பாளர் வெற்றிடம், சேர்.

கடிதங்கள் போன வழியைப் பதிவேட்டை வைத்துப் பின்தொடர்ந்தோம். தபால் அறையில் திகதி முத்திரை விழுகிறது. மேலதிகச் செயலாளர் பார்த்து ஒப்பமிடுகிறார். விடயத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தரிடம் போகிறது. அவருக்கு வாசிக்கத் தெரியாது, ஆகவே அது தட்டில் அடியில் போகிறது. பிறகு மொழிபெயர்ப்புக்கு. திரும்பி வருகிறது. சிங்களத்தில் பதில் எழுதப்படுகிறது. மறுபடியும் மொழிபெயர்ப்புக்கு. இதில் மொழிபெயர்ப்பாளரிடம் இருந்த நாட்களைவிட, மொழிபெயர்ப்புக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று யாரும் தீர்மானிக்காமல் தட்டில் கிடந்த நாட்களே அதிகம். ஒரு கடிதத்தின் மூலையில் பென்சிலால் 'தெமள' (சிங்களத்தில் 'தமிழ்') என்று மட்டும் எழுதி, அதற்கு மேல் ஒன்றும் நடக்காமல் இருந்தது. மலையகத்தில் ஒரு தாயார் தன் மகனின் பிறப்புச் சான்றிதழ் தொடர்பாக எழுதியது. அதைப் பார்த்த பிறகு எனக்கு இது வெறும் ப்ரொஜெக்ட்டாக இல்லை.

வகுப்பில் படித்த இரண்டு விடயம் இதில் நேரடியாகக் கைகொடுத்தது. ஹார்வர்ட் கென்னடி கல்லூரியின் மார்க் மூர் ஒரு முக்கோணம் சொல்கிறார்: செய்யும் வேலையால் சனத்துக்கு என்ன பெறுமதி, அதைச் செய்ய நமக்கு யார் அதிகாரமும் ஆதரவும் தருகிறார்கள், செய்து முடிக்கும் வல்லமை நம்மிடம் இருக்கிறதா. மூன்றும் சேர வேண்டும். எங்களுக்கு மொழி பற்றிய அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயமே அதிகாரம் தந்திருந்தது. பெறுமதியில் சந்தேகமே இல்லை. விழுந்தது மூன்றாவது மூலை. அதே கல்லூரியின் ரொனால்ட் ஹைஃபெட்ஸ் இன்னொரு பிரிப்புச் சொல்கிறார்: நிபுணரை வைத்துத் தீர்க்கக்கூடிய பிரச்சினை ஒரு வகை, சம்பந்தப்பட்டவர்கள் தங்கள் பழக்கத்தை மாற்றினால் மட்டுமே தீரும் பிரச்சினை மறு வகை. ஆள் வெற்றிடம் முதல் வகை. தமிழ்க் கடிதம் என் வேலை இல்லை என்று பிரிவே நினைத்துக்கொண்டிருந்தது இரண்டாம் வகை. இரண்டாவதைத் தொடாமல் எத்தனை மொழிபெயர்ப்பாளரைக் கொண்டுவந்தாலும் தட்டு நிறைந்துதான் இருக்கும்.

செய்தது பெரிதாக ஒன்றுமில்லை. தமிழ் தெரிந்த அபிவிருத்தி உத்தியோகத்தர் ஒருவர் கடிதம் வந்த அன்றே இரண்டு வரியில் சாரத்தைச் சிங்களத்தில் எழுதி மேலே குத்திவிடுவார். கிடைத்தது என்ற அறிவித்தல் தமிழிலேயே போகும். பதிவேட்டில், இப்போது யாரிடம் இருக்கிறது என்று ஒரு நிரல் சேர்த்தோம். திங்கட்கிழமைக் கூட்டத்தில் "யார் தாமதப்படுத்தியது?" என்று கேட்பதை விட்டு, "எங்கே நிற்கிறது, அங்கே இருப்பவருக்கு என்ன வேண்டும்?" என்று கேட்கத் தொடங்கினேன். முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒரு முகாமைத்துவ உதவியாளர், பெண்பிள்ளை, "சேர், எனக்கு வாசிக்க வேண்டாம், பேரும் மாவட்டமும் மட்டும் யாராவது சிங்களத்தில் எழுதித் தந்தால் பழைய கோப்பைத் தேடி எடுத்துவிடுவேன்" என்றார். அந்த ஒரு வசனத்துக்காகவே நான் படித்தது தகும். அவர் பல வருடமாக அதே கதிரையில் இருந்தவர். அதுவரை அவரிடம் யாரும் கேட்டதில்லை.

இதைச் சம்பளத்தோடு லீவு எடுத்துப் போய்ப் படித்திருந்தால் நடந்திருக்காது. சனிக்கிழமை கேட்டதைத் திங்கட்கிழமை செய்து பார்த்து, சரிவராததை அடுத்த சனிக்கிழமை வகுப்பில் வைத்துப் பேச முடிந்ததால்தான் நடந்தது.

ஒரு குறை உண்டு. பாடம் ஆங்கிலத்தில், தேநீர் நேரக் கதை சிங்களத்தில். வடக்கு கிழக்கிலிருந்து வரும் கெட்டிக்கார அதிகாரிகள் பலர் முதல் சில மாதம் வாயே திறப்பதில்லை. தமிழிலும் இந்தத் தரத்தில் ஒரு கற்கை கட்டாயம் வேண்டும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து, பொறியியலாளர்

ஐயா சொன்ன தமிழ்க் கடிதக் கதை எங்கள் சபைக்கும் அப்படியே பொருந்தும்.

என்னுடையது குட்டி அனுபவம். நான் போனது ஐந்து நாள் கோர்ஸ், கணக்கியல் படிக்காதவர்களுக்கான அரச நிதி. நாங்கள் குழாய், பம்பு, கொங்கிறீட் என்று வளர்ந்தவர்கள். கணக்காளரை எதிரியாகவே பார்த்துப் பழகிவிட்டோம். அந்த ஐந்து நாளில், திறைசேரி ஏன் ஒதுக்கீட்டைத் தந்துவிட்டுக் காசைப் பிடித்து வைத்திருக்கிறது என்பது முதல்முறையாக விளங்கியது. ஒதுக்கீடு வேறு, கையில் வருகிற காசு வேறு. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாது என்று அறிவித்த பிறகு, அந்த வித்தியாசம் ஒவ்வொரு பில்லிலும் தெரிந்தது. இப்போது 2024ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க அரச நிதி முகாமைத்துவச் சட்டம் வந்திருக்கிறது. 2006 பெறுகை வழிகாட்டல்களுக்குப் பதிலாக 2025 ஜனவரியிலிருந்து புதியவை. பழைய அனுபவத்தை மட்டும் நம்பி இனி ஒரு கேள்விப் பத்திரமும் (டெண்டர்) போட முடியாது. நீண்ட கோர்ஸுக்கு நேரமில்லாதவர்கள் இப்படிக் குட்டியாக ஒன்றாவது செய்யுங்கள்.

பொறளையிலிருந்து, மருத்துவ நிர்வாகி

எங்கள் துறையில் வழி வேறு. மருத்துவ நிர்வாகத்துக்கென்றே கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் (பீ.ஜீ.ஐ.எம்.) முதுமாணி இருக்கிறது. அது முடித்துத்தான் பலர் பணிப்பாளராக வருகிறார்கள். ஆகவே ஒரு வைத்தியசாலையை எப்படி நடத்துவது என்பது ஓரளவு தெரிந்துதான் வருகிறோம். எனக்குப் புதிதாகக் கிடைத்தது, வேலைக்கு வந்த பிறகு போன ஒரு குறுகிய பயிற்சியில். நெருக்கடி நேரத்தில் மக்களோடு பேசுவது பற்றியது.

அங்கே ஒருவரைப் பணிப்பாளராக நிறுத்தி, மற்றவர்கள் பத்திரிகையாளர்களாகவும் நோயாளியின் உறவினர்களாகவும் இருந்து கேள்வியால் துளைத்தோம். என் முறை வந்தபோது, வகுப்பு நண்பர் ஒருவர் நோயாளியின் மகனாக நின்று, "டொக்டர், இந்த மருந்து இல்லை என்று நேற்றே சொல்லியிருந்தால் நான் வெளியில் வாங்கியிருப்பேனே" என்றார். நடிப்புத்தான். ஆனாலும் அது என்னை உலுக்கிவிட்டது.

2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது அந்த வரி மனதில் இருந்தது. மருந்தகக் கவுண்டருக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பலகை வைத்தோம். இன்று எது இல்லை, அதற்குப் பதிலாக எது இருக்கிறது, எது எப்போது வரலாம். மூன்று மொழியிலும், காலையில் வரிசை தொடங்குமுன் எழுதிவிட வேண்டும். இல்லை என்று எழுதிப் போடுவதற்கு மருந்தாளர்கள் முதலில் பயந்தார்கள், சனம் சண்டைக்கு வரும் என்று. சண்டை குறைந்தது. மணிக்கணக்காக வரிசையில் நின்று முன்னுக்கு வந்த பிறகு இல்லை என்று கேட்கும்போதுதான் ஆத்திரம் வருகிறது. வந்தவுடனே தெரிந்தால், பாவம், அவர்கள் வேறு வழி பார்ப்பார்கள்.

தங்கச்சி, பிள்ளைகள் பற்றிக் கேட்டீர்கள். அது லேசில்லை. என் கணவரும் அம்மாவும் இல்லாவிட்டால் எனக்கும் முடிந்திருக்காது. வீட்டில் இருப்பவர்களிடம் முதலே வடிவாகக் கதைத்து, அசைன்மென்ட் வாரங்களில் யார் என்ன பார்ப்பது என்று பிரித்துக்கொள்ளுங்கள். சமாளிக்கலாம் என்று தனியாகத் தூக்க வேண்டாம்.

வத்தளையிலிருந்து, அதிபர்

பாடசாலை அதிபர்களுக்கு மீப்பேயில் கல்வித் தலைமைத்துவ அபிவிருத்தி நிலையம் இருக்கிறது. அங்கே தங்கிப் படித்தேன். பாடத்தைவிட இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மற்ற அதிபர்களோடு கதைத்ததில் கிடைத்தது அதிகம். ஆள் குறைவான தோட்டப் பாடசாலையை நடத்தும் ஒருவர், நேரசூசியைப் போடும் முறையை ஒரு கொப்பியின் பின்பக்கத்தில் வரைந்து காட்டினார். இன்றும் அதையேதான் பாவிக்கிறேன்.

பம்பலப்பிட்டியிலிருந்து, ஓய்வுபெற்ற மேலதிகச் செயலாளர்

எல்லோரும் நல்லதையே சொல்கிறீர்கள். மறுப்பதற்கில்லை. ஆனால் தம்பி தங்கைமாரே, நான் பார்த்த இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஓர் அமைச்சில், ஓய்வு பெற ஒரு வருடம் இருந்தவரை வெளிநாட்டுக் கற்கைக்கு அனுப்பினார்கள். அவருடைய சேவைக்குப் பரிசாம். அதே இடத்தில், நெருக்கடி வேலையை இழுத்துக்கொண்டிருந்த இளையவர் விண்ணப்பித்தபோது, "நீங்கள் போனால் யார் பார்ப்பது?" என்று திருப்பி அனுப்பினார்கள். படிப்பு யாருக்கு அதிகம் தேவையோ அவரைத்தான் அலுவலகம் விடுவதில்லை. இதை நான் மனம் நொந்து எழுதுகிறேன்.

அடுத்தது இடமாற்றம். நல்ல ப்ரொஜெக்ட் ஒன்றைத் தொடங்கி, அது காலூன்றும் நேரத்தில் ஆளைத் தூக்கி வேறு மாவட்டத்துக்குப் போட்டுவிடுகிறார்கள். வருகிறவருக்கு அது என்னவென்றே தெரியாது. அதனால் படிக்கப் போகிறவர் தனியாகக் கற்காமல், கீழே உள்ள இரண்டு பேரையாவது அந்த வேலைக்குள் இழுத்துவைக்க வேண்டும். ஆள் மாறினாலும் முறை நிற்கும். ஸ்லிடா 1966இல் நிர்வாகக் கற்கைக் கழகமாகத் தொடங்கியது. இத்தனை காலப் பயிற்சியில் தனி அதிகாரிகள் எத்தனையோ பேர் வளர்ந்தார்கள். கந்தோர்கள் அந்த அளவுக்கு வளராததற்கு நான் காணும் காரணம் இதுதான்.

வெள்ளவத்தையிலிருந்து, மீண்டும்

ஐயா, இடமாற்றம் பற்றி நீங்கள் சொன்னது முழுக்க உண்மை. அந்தக் கடிதப் பதிவேட்டை இப்போது நடத்துவது நான் இல்லை, அந்த முகாமைத்துவ உதவியாளர்தான். நான் பிரிவு மாறி ஒரு வருடத்துக்கு மேலாகிறது.

தங்கச்சி, சேர முன் மூன்று விடயம் விசாரியுங்கள். அரச சேவையில் உண்மையில் வேலை செய்தவர்கள் கற்பிக்கிறார்களா? சொந்த அலுவலகப் பிரச்சினையை ப்ரொஜெக்ட்டாக எடுக்க விடுகிறார்களா? அதற்கு உங்கள் திணைக்களத் தலைவர் எழுத்தில் சம்மதிப்பாரா? மூன்றாவதை விட்டுவிட வேண்டாம். அவர் கையெழுத்து இருந்தால் பதிவேடுகளைப் புரட்ட யாரும் தடை சொல்லமாட்டார்கள். கட்டணத்துக்கு அலுவலகத்தின் பயிற்சி ஒதுக்கீட்டில் ஏதாவது பெறலாமா என்று கணக்காளரைக் கேளுங்கள். வருடத் தொடக்கத்தில் கேட்பது நல்லது, கடைசிக் காலாண்டில் அநேகமாக ஒன்றும் மிஞ்சாது. ஆங்கிலத்தில் எழுதத் தயக்கம் என்றால் அசைன்மென்ட்டை அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன்.

தெஹிவளையிலிருந்து

எல்லோருக்கும் மிக்க நன்றி. இன்று மத்தியானம் எங்கள் பணிப்பாளரோடு கதைத்தேன். என்ன தலைப்பு என்று கேட்டார். ஓய்வூதியக் கோப்புகள் எங்கள் பிரிவில் எங்கே நிற்கின்றன என்று பார்க்கப்போகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, விண்ணப்பத்தைக் கொண்டுவாருங்கள் என்றார். நாளைக்குப் படிவம் எடுக்கிறேன்.