பேஸ்பால் அணி "என்ன வேண்டும்?" என்று கேட்கிறது: எதைக் கேட்டு வாங்கலாம்?

தென்றல்75

அமெரிக்க நகரம் ஒன்றில், கறுப்பினக் குடும்பங்களும் ஸ்பானிஷ் பேசும் குடும்பங்களும் நிறைந்த பகுதியில் இயங்கும் சமூக மையத்துக்காகக் கேட்கிறேன். 8 முதல் 14 வயது வரை நாற்பது பிள்ளைகள். அந்த நகரத்து மேஜர் லீக் (தொழில்முறை பேஸ்பாலின் உச்ச லீக்) அணி, பாரம்பரிய இரவு ஆட்டத்துக்கு (ஒரு சமூகத்தின் பண்பாட்டைச் சிறப்பிக்கும் ஆட்டம்) 100 இலவச டிக்கெட், ஒரு நாள் பயிற்சி முகாம், ஒரு லோடு பழைய உபகரணங்கள் ஆகியவற்றைத் தருவதாகச் சொல்கிறது. "வேறு என்ன வேண்டும்?" என்றும் கேட்டிருக்கிறார்கள். பக்கத்தில் மாநகரப் பூங்காத் துறையின் மைதானம் ஒன்று பராமரிப்பில்லாமல் கிடக்கிறது. எதைக் கேட்டால் நாலு வருடம் கழித்தும் பயன் நிற்கும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்கர்

முதலில், உங்களிடம் பேசுவது அணியின் எந்தப் பிரிவு என்று தெரிந்துகொள்ளுங்கள். குழு டிக்கெட் விற்பனைப் பிரிவின் வேலை இருக்கைகளை நிரப்புவது. சமூகத் தொடர்புப் பிரிவால் வீரர் வருகை, முகாம், பழைய உபகரணம் ஏற்பாடு செய்ய முடியும், ஆனால் கையில் பணம் குறைவு. மைதானம், பயிற்சியாளர் சம்பளம் போன்ற பெரிய செலவுக்கு அணியின் அறக்கட்டளைதான் வழி. டிக்கெட் பிரிவிடம் போய் மைதானம் கேட்டால் புன்னகையோடு டிக்கெட்தான் தருவார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை, அவர்கள் கையில் இருப்பது அதுதான்.

அறக்கட்டளைக்கு விண்ணப்பிக்கும்போது பொதுவாகக் கேட்பவை: 501(சி)(3) வரிவிலக்குக் கடிதம், கடைசி ஃபார்ம் 990 (ஆண்டு வரி அறிக்கை), வரவு செலவுத் திட்டம், விபத்துக் காப்பீட்டுச் சான்று. வரிவிலக்கு இல்லையென்றால், அது உள்ள நிறுவனம் ஒன்றை நிதிப் பொறுப்பாளராக இணைத்துக்கொள்ளலாம். மைதானம் மாநகராட்சியுடையது என்பதால் பூங்காத் துறையின் எழுத்து ஒப்புதலும் கட்டாயம் வேண்டும். பெரும்பாலும் விண்ணப்பம் சிக்கிக்கொள்வது இங்கேதான். ஆகவே அணியிடம் போவதற்கு முன் அதை வாங்கிவிடுங்கள். லீக்கும் வீரர்கள் சங்கமும் 2015-இல் சேர்ந்து தொடங்கிய இளையோர் மேம்பாட்டு அறக்கட்டளையையும் பாருங்கள்.

வசதி குறைந்த நகரப் பகுதிப் பிள்ளைகளுக்கான ஆர்பிஐ பேஸ்பால் திட்டத்தில் சேர முடியுமா என்றும் கேளுங்கள். டெட்ராய்ட் டைகர்ஸின் முன்னாள் வீரரும் ஸ்கவுட்டுமான (திறமையான வீரர்களைத் தேடிப் பிடிப்பவர்) ஜான் யங், 1989-இல் தெற்கு மத்திய லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கியது. 1991-இல் மேஜர் லீக் அதன் நிர்வாகத்தை ஏற்றது. 13 முதல் 18 வயது வரை ஆர்பிஐ, அதற்குக் கீழே ஜூனியர் ஆர்பிஐ. உங்கள் பிள்ளைகள் இரண்டிலும் வருகிறார்கள்.

ஒன்பதாம்இன்னிங்ஸ்

டிக்கெட்டால் இந்தப் பிரச்சினை தீராது. 1981-இல் மேஜர் லீக் வீரர்களில் 18.7 விழுக்காட்டினர் அமெரிக்கக் கறுப்பினத்தவர். 2023 தொடக்க நாளில் அது 6.2 விழுக்காடு. 2022 வேர்ல்ட் சீரிஸ் (மேஜர் லீக் இறுதித் தொடர்) ஆடிய இரு அணிகளிலும் அமெரிக்காவில் பிறந்த கறுப்பின வீரர் ஒருவர்கூட இல்லை. 1950-க்குப் பிறகு அப்படி நடந்தது அப்போதுதான்.

பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லை என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் பணம் போகும் வழியைப் பாருங்கள். டொமினிகன் குடியரசில் ஒவ்வொரு அணியும் சொந்தச் செலவில் அகாடமி நடத்துகிறது, 16 வயதில் ஒப்பந்தம் போடுகிறது. அமெரிக்கப் பிள்ளைக்கோ ஸ்கவுட் கண்ணில் படும்வரை செலவெல்லாம் பெற்றோர் தலையில்: டிராவல் அணிக் (ஊர் ஊராகப் போய் ஆடும் கட்டண அணி) கட்டணம், விடுதி, ஸ்கவுட்கள் முன் திறமை காட்டும் ஷோகேஸ் போட்டி. கல்லூரி வழியும் குறுகல். 2024–25 கல்வியாண்டு வரை, கல்லூரி விளையாட்டின் மேல் பிரிவான டிவிஷன் 1-இல் பேஸ்பால் அணி ஒன்றுக்கு மொத்தமே 11.7 உதவித்தொகை, அதை ஏறக்குறைய முழு அணிக்கும் துண்டு துண்டாகப் பங்கிட்டார்கள். அதே காலத்தில் பெரிய கல்லூரி ஃபுட்பால் அணிகளுக்கு 85 முழு உதவித்தொகை. வசதியில்லாத வீட்டில் எந்த ஆட்டத்தைத் தேர்ந்தெடுப்பார்கள்?

அதனால் நீங்கள் கேட்க வேண்டியது, 12 வயதுக்கு மேல் தொடர விரும்பும் பிள்ளைகளுக்கான டிராவல் அணிச் செலவு. சிகாகோ வைட் சாக்ஸ் 2007-இல் தொடங்கிய ஏஸ் திட்டத்தை முன்மாதிரியாகக் காட்டுங்கள். நகரத்துப் பிள்ளைகளின் டிராவல் அணிச் செலவை அங்கே அணியே சுமக்கிறது. அதில் ஆடிய கோரி ரே 2016 டிராஃப்டில் (மேஜர் லீக் அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) ஐந்தாவதாகத் தேர்வானார். என்னைக் கேட்டால் டிராஃப்டைவிட, அதன் வழியாகக் கல்லூரிக்குப் போனவர்கள்தான் பெரிய பலன்.

வாஷிங்டன் நேஷனல்ஸ் அகாடமி வேறு வகை. 2014-இல் வார்டு 7-இல் திறந்தார்கள். பள்ளி முடிந்ததும் படிப்புக்கு உதவி, பிறகு ஆட்டம். உங்களுடையது சமூக மையம் என்பதால் அதுதான் உங்களுக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

களத்துமேடு

மைதானம் பற்றி மட்டும் சொல்கிறேன். ரிப்பன் வெட்டிய மைதானம் இரண்டே வருடத்தில் பாழாவதற்குக் காரணம், கட்டப் பணம் கேட்டவர்கள் பராமரிப்புக்குக் கேட்காததுதான்.

8 வயதும் 14 வயதும் ஒரே அளவில் ஆட முடியாது. 12 வயது வரை பேஸ்களுக்கு (ஓடுபவர் தொட வேண்டிய இடங்கள்) இடையே 60 அடி, பிட்ச்சர் (பந்தெறிபவர்) நிற்பது 46 அடியில். இடைநிலையில் 70, 50. முழு அளவில் 90 அடி, 60 அடி 6 அங்குலம். மூன்று மைதானம் கிடைக்காது. ஆகவே ஒரே களத்தில் 60, 70, 90 அடிகளில் பேஸ் பொருத்தும் குழாய்களைப் புதைக்கச் சொல்லுங்கள், கூடவே நகர்த்தக்கூடிய மவுண்ட் (பிட்ச்சர் நிற்கும் மேடு) ஒன்று. நிரந்தர மவுண்டை முழு அளவில் கட்டிவிட்டால் சிறுவர்கள் ஆட இடமில்லை. உள்பக்கப் புல்லை 60 அடிக்கு ஏற்பவும், வெளிப்பக்கப் புல் விளிம்பை 90 அடிக்கு ஏற்பவும் வெட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் ஓட்டப்பாதை புல்லுக்குள் போகும்.

இன்ஃபீல்ட் (பேஸ்களைச் சுற்றிய மண் பகுதி) மண்ணில் மணல் 60–70 விழுக்காடு, மீதி களிமண்ணும் வண்டலும். மணல் கூடினால் கால் வழுக்கும். களிமண் கூடினால் வெயிலில் ஓடு போல இறுகி, பந்து முகத்துக்கு எகிறும். மவுண்டிலும் பேட்டர் நிற்கும் இடத்திலும் மட்டும் களிமண் கூடுதலான கலவை வேண்டும். ஆட்டம் முடிந்ததும் குழிகளை நிரப்பி, நனைத்து, இடித்துத் தார்ப்பாய் போட வேண்டும்.

மண்ணும் புல்லும் சேரும் இடத்தில் மெல்ல ஒரு வரப்பு எழும். இழுவை வலையைப் புல்வரை இழுப்பதால் மண் புல்லுக்குள் ஏறுவதுதான் காரணம். அது தண்ணீரைத் தேக்கும், பந்தைத் திசை மாற்றும். புல்லுக்கு ஆறு அங்குலம் முன்பே வலையை நிறுத்தி, விளிம்பை ரேக்கால் கையால் இழுங்கள்.

கேட்க வேண்டிய பட்டியல்: களத்தருகே தண்ணீர்க் குழாய், பூட்டும் கருவிப் பெட்டி, தார்ப்பாய்கள், அணியின் மைதானப் பராமரிப்பாளர் பருவத் தொடக்கத்தில் ஒரு நாள் வந்து கற்றுத்தருவது. புல் வெட்டுவது யார், தண்ணீர்க் கட்டணம் யார் என்று பூங்காத் துறையோடு ஐந்து வருடத்துக்கு எழுதிக்கொள்ளுங்கள்.

இடதுகை

பழைய உபகரணத்தைக் கண்ணை மூடி வாங்காதீர்கள். 2018 ஜனவரி 1 முதல் லிட்டில் லீக் போன்ற பெரும்பாலான சிறுவர் லீக்குகளில் பேட்டின் மேல் "யுஎஸ்ஏ பேஸ்பால்" முத்திரை இருக்க வேண்டும். பழைய பேட்களில் இருக்காது. ஆட்டத்தில் நடுவர் ஒதுக்கிவிடுவார். உயர்நிலைப் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு பிபிகோர் (மூத்த வீரர்களின் பேட்டுக்கான தரம்) முத்திரை வேண்டும். ஹெல்மெட்டில் விரிசல் இருந்தால் குப்பைக்குத்தான். ஒரு அணிக்கு ஆறு ஹெல்மெட் கணக்கு.

நன்கொடை கிளவ்கள் (பந்து பிடிக்கும் கையுறைகள்) பெரும்பாலும் பெரியவர் அளவு. எட்டு வயதுப் பிள்ளைக்கு 12 அங்குல கிளவ் கையில் மூடாது. பந்து நழுவும், பிள்ளை தனக்கு ஆட வரவில்லை என்று நினைத்து நின்றுவிடும். 10 முதல் 11 அங்குலம் கேளுங்கள். நாற்பது பிள்ளைகளுக்கு, இடது கையால் எறிபவர்களுக்கான கிளவ் நான்கைந்தாவது தனியாகச் சொல்லி வாங்குங்கள். நன்கொடைப் பெட்டியில் அது வராது.

பயிற்சியாளர்களுக்குப் பிட்ச் ஸ்மார்ட் (இளம் பிட்ச்சர்களின் கையைக் காக்கும் வழிகாட்டி) வரம்பு தெரிந்திருக்க வேண்டும்: ஒரு நாளில் 9–10 வயதுக்கு 75 எறிகள், 11–12-க்கு 85, 13–14-க்கு 95. 14 வயது வரை, 66 எறிகளை எட்டினால் நான்கு நாள் ஓய்வு. பள்ளி அணியிலும் ஆடும் பிள்ளை என்றால் இரண்டுக்கும் ஒரே குறிப்பேடு. இல்லையென்றால் முழங்கைதான் பலியாகும்.

மொழிபெயர்

பாரம்பரிய இரவை ஒதுக்கிவிடாதீர்கள், ஆனால் உங்கள் மக்களைக் கேட்டு வடிவமைக்கச் சொல்லுங்கள். மைனர் லீக்கில் (மேஜர் லீக்குக்குக் கீழ்ப்படி) ஸ்போகேன் இந்தியன்ஸ் அணி, ஸ்போகேன் பழங்குடியினரோடு கலந்து பேசித்தான் சின்னத்தை மாற்றியது. ஜெர்சியில் அவர்களுடைய சேலிஷ் மொழியிலேயே பெயர் எழுதியது. பாரம்பரிய உடை அணிந்தவர்களையும் இசைக்குழுவையும் ஒரு நாளைக்கு வரவழைப்பதைவிட அது மதிப்பானது.

ஸ்பானிஷ் குடும்பங்கள் வராவிட்டால் அலட்சியம் என்று முடிவு கட்டாதீர்கள். லாஸ் ஏஞ்சலஸில் சாவேஸ் ரவீனில் இருந்த மெக்சிகன் அமெரிக்கக் குடும்பங்களின் வெளியேற்றம் 1959 மே வரை நீண்டது. 1962-இல் அங்கே டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியின் டாட்ஜர் ஸ்டேடியம் திறந்தது. அந்த வடு ஆற நாளாயிற்று. 1959 முதல் 2022 வரை அந்த அணிக்கு ஹைமே ஹாரினின் ஸ்பானிஷ் வர்ணனை, 1981-இல் மெக்சிகோ பிட்ச்சர் ஃபெர்னாண்டோ வலென்சுவேலா என்று படிப்படியாகத்தான் மக்கள் உள்ளே வந்தார்கள். உங்கள் பதிவுப் படிவம், காப்பீட்டு ஒப்புதல், மழை ரத்து அறிவிப்பு எல்லாம் முதல் நாளிலிருந்தே இரு மொழியில் இருக்கட்டும். குடியுரிமை விவரமோ சமூகப் பாதுகாப்பு எண்ணோ கேட்கும் படிவத்தை அணி கொடுத்தால் திருப்பிக் கொடுங்கள். வயதுச் சான்று போதும்.

தென்றல்75

மிக்க நன்றி. அப்படியானால் அந்த 100 டிக்கெட்டை வாங்கிக்கொள்ளலாமா?

கணக்கர்

வாங்குங்கள், ஆனால் இரவு ஆட்டம் மட்டும் போதாது என்று சொல்லி ஞாயிறு பகல் ஆட்டத்துக்கும் கேளுங்கள். கூடவே இரண்டு பேருந்து, ஆளுக்கு ஒரு உணவுச் சீட்டு. பேருந்து இல்லாவிட்டால் பாதி டிக்கெட் வீணாகும். 2023-இல் பிட்ச் கிளாக் (எறிகளுக்கு இடையிலான நேரத்தைக் கட்டுப்படுத்தும் கடிகாரம்) வந்த பிறகு ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டம் சராசரியாக 2 மணி 40 நிமிடத்தில் முடிகிறது, ஆகவே திரும்பும் நேரத்தை ஓட்டுநரிடம் ஓரளவு துல்லியமாகவே சொல்லலாம்.