ஹோமாகம கபுக் காணியில் யாழ்ப்பாணத் தோட்டமுறை சரிவருமா?

வளவு10
கொழும்புக்குக் கிட்ட ஹோமாகமவில் 10 பேர்ச் காணி (ஒரு பேர்ச் ஏறக்குறைய 25 சதுர மீற்றர்), அதில் பின்பக்கம் 4 பேர்ச் தோட்டத்துக்கு. மேலே ஒரு சாண் மஞ்சள் கலந்த சிவப்பு மண், கீழே கபுக் (செம்புரைக்கல்). யாழ்ப்பாணத்தில் செம்பாட்டுத் தறையில் (சிவப்பு மண் தோட்டக் காணியில்) செய்கிற மாதிரி ஆழக் கொத்தி, குழையும் எருவும் தாட்டுத்தான் நட்டது. முருங்கைத் தடி அடியில் அழுகுது. கத்தரி காய்க்கத் தொடங்கிற நேரம் இலை பச்சையாக இருக்கவே வாடிச் சாகுது. மண்ணின் நிறத்தையும் பிடியையும் பார்த்தே எங்கட பெரியாட்கள் பயிர் சொல்லுவினம். அந்தக் கணக்கு இந்தப் பக்கத்து மண்ணுக்கும் பொருந்துமா? மண்ணின் புளிப்பைக் குறைக்க டொலமைட் (சுண்ணாம்புச் சத்துள்ள கல்தூள்) போடச் சொல்லுகினம், எவ்வளவு?

இருவாட்டி
பார்க்கிற முறை பொருந்தும். பார்த்த பிறகு செய்கிற வேலைதான் மாறவேணும். செம்பாட்டு மண்ணுக்குக் கீழே சுண்ணக்கல், தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடும், மண் காரப் பக்கம். உங்கட பக்கம் யாழ்ப்பாணத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு மழை. அது சுண்ணாம்புச் சத்தைக் கழுவிக்கொண்டு போக, மண் புளித்துப்போகும், அதாவது அமிலமாகும்.

முருங்கை அழுகுவதற்குக் காரணம் அநேகமாக ஆழக் கொத்தினதுதான். கபுக்குக்குள் வெட்டின குழி ஒரு சட்டி மாதிரி. சுற்றியுள்ள தண்ணீரெல்லாம் அதற்குள் வடிந்து நிற்கும். இன்னொன்று, ஈரமாகக் கிடக்கும்வரை கத்தியால் சீவலாம் போலிருக்கிற கபுக், வெட்டி வெளியில் போட்டால் காற்றிலும் வெயிலிலும் கல்லாகிவிடும். கட்டடத்துக்குக் கபுக் கல் வெட்டுவதே அதனால்தான். அதைக் கிளறி மேல்மண்ணோடு கலந்தால் திரும்ப மண்ணாக்க ஏலாது. மேல்மண் எவ்வளவோ அவ்வளவு மட்டும் கொத்துங்கோ.

மண்வெட்டியால் ஒரு கட்டியை வெட்டி உடைத்துப் பாருங்கோ. ஒரே சிவப்பென்றால் வடிகால் நல்லது. மஞ்சள் கூடக்கூட ஈரம் அதிகம். வேரோடின துளைகளில் துருக் கோடுகள் இருந்தால் தண்ணீர் வந்துவந்து நிற்கிறது. நீலச் சாம்பல் நிறமும் கூழ்முட்டை மணமும் என்றால் காற்றே போகாத இடம், அங்கே மரக்கறி வேண்டாம். கோரை அடர்ந்து நிற்பதும் ஈரத்துக்கு நல்ல அடையாளம்.

சந்தேகம் என்றால் 30 சென்ரிமீற்றர் அகலம், 30 ஆழத்தில் குழி வெட்டித் தண்ணீர் நிரப்பி வற்ற விடுங்கோ. அடுத்த நாள் திரும்ப நிரப்பி ஒரு தடியில் அளவு வையுங்கோ. மணிக்கு 2.5 சென்ரிமீற்றருக்கு மேல் இறங்கினால் பயமில்லை. 1 சென்ரிமீற்றர்கூட இறங்காவிட்டால் உயர்பாத்திதான் வழி: 1 மீற்றர் அகலம், 30 முதல் 40 சென்ரிமீற்றர் உயரம். இடையில் வாய்க்கால், மீற்றருக்கு 1 சென்ரிமீற்றர் சரிவு. முதல் நிரப்பினதை மட்டும் வைத்து முடிவெடுக்காதேங்கோ, காய்ந்த மண் எப்போதும் வேகமாகக் குடிக்கும்.

முருங்கைக்குக் குழியே வேண்டாம். 60 சென்ரிமீற்றர் உயரக் குவியல் போட்டு அதில் தடியை ஊன்றுங்கோ. மழை குறைந்த தை, மாசி நல்லது. மேல்வெட்டுக்குச் சாணி அப்பிவிடுங்கோ, தண்ணீர் உள்ளே போகாது.

பதியம்
குழை தாட்கிற விஷயத்தில் ஒரு திருத்தம் வேணும். காற்றோட்டமுள்ள செம்பாட்டில் தாட்ட குழை நன்றாக உக்கும். ஈரம் தேங்கிற இடத்தில் அதே குழை அழுகி வேரைக் கெடுக்கும். இங்கே கிளிசரியா (சீமைக்கிளுவை) குழையை வெட்டி 5 சென்ரிமீற்றர் தடிப்பில் மேலே மூடாக்காகப் பரப்புங்கோ, தண்டிலிருந்து ஒரு கையகலம் தள்ளி. பெருமழை மேல்மண்ணில் நேரே அடிக்காமலும் அது காக்கும்.

டொலமைட் சதுர மீற்றருக்கு 150 கிராம் போதும், அதாவது பேர்ச்சுக்கு 4 கிலோவுக்குக் கிட்ட. மேல் 15 சென்ரிமீற்றரில் கலந்துவிட்டு, எரு போட இரண்டு மூன்று கிழமை பொறுங்கோ. இரண்டையும் ஒன்றாகப் போட்டால் எருவின் தழைச்சத்து அமோனியாவாகப் பறந்துவிடும். முதலில் மண்ணைப் பரிசோதிப்பது நல்லது: ஐந்தாறு இடங்களில் 15 சென்ரிமீற்றர் ஆழம்வரை எடுத்து, கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ கொடுங்கோ.

கத்தரி வாடுவதற்கு டொலமைட் மருந்தல்ல. வாடின செடியின் அடித்தண்டில் ஒரு துண்டு வெட்டி, கண்ணாடிக் கிளாஸில் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கோ. சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால் நூல்போல இறங்கினால் அது பாக்டீரியா வாடல். செடியை வேரோடு பிடுங்கி வளவுக்கு வெளியே அகற்றுங்கோ, கூட்டெருக் குழிக்குள் போடவே கூடாது. அந்தப் பாத்தியில் இரண்டு மூன்று வருடம் கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் வேண்டாம். வெண்டி, பயற்றை, சோளம் போடலாம். அந்தப் பாத்தித் தண்ணீர் மற்றதுக்குள் ஓடாமலும் பாருங்கோ, நோய் தண்ணீரோடுதான் நடக்கும்.

வளவு10
நன்றி. மதிலோரம் வீடு கட்டின நேரத்துச் சாந்தும் கல்லும் புதைந்து கிடக்கு. அங்கேயும் அதே 150 கிராமா?

இருவாட்டி
இல்லை. அந்த மண்ணில் கொஞ்சம் எடுத்து வினாகிரி விட்டுப் பாருங்கோ. பொங்கினால் அதில் சுண்ணாம்பு இருக்கு, டொலமைட் போட்டால் கெடுதல்தான். இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றாலும் அதே சந்தேகம் வரவேணும். சாந்துக் கட்டிகளை அரித்தெடுத்துவிட்டு, முடிந்தளவு கூட்டெரு கலவுங்கோ.

கரையோரம்
கொழும்புக் கடற்கரைப் பக்கம், வெள்ளவத்தை மணலுக்கு?

பதியம்
அங்கே பிரச்சினை நேர்மாறு, தண்ணீரும் எருவும் கையில் நிற்காது. பாத்திக்கு அடியில் 30 சென்ரிமீற்றரில் தேங்காய்ப் பொச்சைக் குழிந்த பக்கம் மேலே பார்க்க அடுக்கி மூடுங்கோ. எருவை ஒரேயடியாகக் கொட்டாமல் இரண்டு கிழமைக்கு ஒருக்கா கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கோ. டொலமைட்டைப் பரிசோதிக்காமல் தொடவேண்டாம். சிப்பித்தூள் கலந்த மணலில் சுண்ணாம்பு ஏற்கெனவே இருக்கும்.