மறு: பேக்லாஷுக்கு என்ன சொல்? "பின்னடைவு" வேண்டாமே

> பேக்லாஷ் = பின்னடைவு. எளிமையாக இருக்கிறது. இதையே முடிவு செய்துவிடலாமா?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

முடிவு செய்துவிடாதீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். தேர்தலில் ஓட்டுக் குறைந்தவருக்கு வருவது பின்னடைவு. லேத்தின், அதாவது கடைசல் எந்திரத்தின், கைப்பிடியைத் திசை மாற்றித் திருப்பும்போது கொஞ்ச தூரம் எதுவும் நகராமல் போகிறதே, அந்த பேக்லாஷ் அது இல்லை. சொல்லைப் பிடிக்கும் முன் பொருளைக் கொஞ்சம் தொட்டுப் பார்த்துவிடுவோம். நான் ஆறு மாதமாக அதைத்தான் தொட்டுக்கொண்டிருக்கிறேன்.

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், முன்பு மாடு கட்டிய தொழுவில், பழைய நாலரை அடி லேத்து ஒன்றை வாங்கி நிறுத்தியிருக்கிறேன். 2023 டிசம்பர் 17, 18இல் தாமிரபரணி ஊருக்குள் வந்ததே, அப்போது தண்ணீருக்குள் கிடந்த லேத்து அது. விற்றவர் துருவையெல்லாம் தேய்த்து, பச்சைப் பெயிண்ட் அடித்து, புதுமாப்பிள்ளை மாதிரி நிறுத்தியிருந்தார். கம்பியைப் பிடித்துச் சுழற்றும் சக்கு சத்தமில்லாமல் ஓடியது. கைப்பிடித் திருகு ஓடும் நட்டுக்குள் ஏறியிருந்த வண்டலை நான் பார்க்கவில்லை.

இறக்கி, கால்களுக்கு அடியில் தகடு தகடாகச் சொருகி மட்டம் பார்த்ததில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போயிற்று. அது வேறு கதை. முதல் வேலையாக 25 மி.மீ. கம்பியை 24க்குக் கடைந்தேன். வெட்டும் டூலைக் கம்பியை நோக்கி நகர்த்தும் கிராஸ் ஸ்லைடை, கைப்பிடி டயலில் மூன்று கோடு கூடுதலாக உள்ளே விட்டுவிட்டேன் என்று தெரிந்ததும், அதே மூன்று கோட்டைப் பின்னால் திருப்பிவிட்டுத்தான் வெட்டினேன். கம்பி 23.7இல் வந்து நின்றது. அதாவது டயல் பின்னால் வந்தது, டூல் வரவில்லை.

என் லேத்தில் கைப்பிடி ஒரு சுற்றுக்கு ஸ்லைடு 4 மி.மீ. போகும். டயலில் 80 கோடு. ஒரு கோடு 0.05 மி.மீ. ஸ்லைடு நகர்வதை அளக்க மேக்னட் ஸ்டாண்டில் டயல் கேஜை மாட்டி, உள்ளே ஒரு தரம் தள்ளிவிட்டு, மெல்லப் பின்னால் திருப்பினேன். அஞ்சு கோடு, எட்டு கோடு, பத்து கோடு... முள் அப்படியே நிற்கிறது. பதினொன்றாவது கோடு தாண்டியதும்தான் துடித்தது. 0.55 மி.மீ. இரண்டு பக்கமும் சேர்த்து விட்டத்தில் அது 1.1. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைத் தேடுகிற மெஷினில் ஒரு மில்லிமீட்டரே காணாமல் போகிறது!

இதை "ஆட்டம்" என்றுதான் நான் நினைத்தேன். பட்டறையில் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்தான்: ஸ்லைடு இடம் வலமாக அசைந்தால் ஆட்டம், பேரிங் தேய்ந்தால் ஆட்டம், கதவுக் கீல் தளர்ந்தாலும் ஆட்டம். ஆட்டம் என்றால் இறுக்கு. ஆகவே ஸ்லைடின் பக்கத் தளர்வை இறுக்கும் கிப் திருகுகளை ஒவ்வொன்றாக முடுக்கினேன். ஸ்லைடு கல்லாகிவிட்டது. பதினொரு கோடு மட்டும் குறையவில்லை.

பேட்டை தொழிற்பேட்டையில் முப்பது வருஷம் டர்னராக இருந்த அண்ணாச்சி ஒருவரைக் கூட்டிவந்தேன். உட்காரக்கூட இல்லை. இரண்டு விரலால் கைப்பிடியை அங்கும் இங்கும் தட்டிப் பார்த்துவிட்டு, "இது ஆட்டம் இல்லவே, சும்மால்லா சுத்துது" என்றார்.

நாம் தேடுகிற சொல் அந்த "சும்மா"வுக்குள்தான் இருக்கிறது. திருகின் புரி ஒரு முகத்தால் நட்டைத் தள்ளுகிறது. திசை மாற்றினால், அந்த முகத்தை விட்டு எதிர்முகத்தைத் தொடும் வரை திருகு மட்டும் சும்மா சுற்றும், நட்டு நகராது. கிப்பை முடுக்கி இதைச் சரிசெய்ய முடியாது. நட்டைத்தான் கவனிக்க வேண்டும். இரண்டு கோளாறுக்கும் ஒரே பெயர் வைத்ததால்தான் நான் ஒரு வாரம் தப்பான திருகை முடுக்கிக்கொண்டிருந்தேன்.

> "தொய்வு" எப்படி? தேர் இழுக்கும்போது முதலில் வடத்தின் தொய்வுதானே போகும்?

ஆனித் தேரோட்டத்தை நினைத்து எழுதியிருக்கிறீர்கள், படிக்கவே நன்றாக இருந்தது. ஆனால் வடத்தால் இழுக்க மட்டும்தான் முடியும், தள்ள முடியாது. ஒரு தரம் விறைத்துவிட்டால், இழுக்கிற வரை தொய்வு தீர்ந்தது. திருகில் அது தீர்வதே இல்லை. ஒவ்வொரு முறை திசை மாற்றும்போதும் மறுபடி வந்து நிற்கும்.

"இடைவெளி" என்றவருக்கும் ஒரு வார்த்தை. இடைவெளி என்பது புரிகளுக்கு நடுவே இருப்பது. அதனால் வீணாகும் சுற்று வேறு. முன்னது காரணம், பின்னது விளைவு. இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருந்தால் நல்லது.

என் முன்மொழிவு: வெறுந்திருப்பு. வெறுங்கை, வெறுந்தரை போல. "வெறுஞ்சுற்று" என்றுதான் முதலில் எழுதினேன். ஆனால் வேலை இல்லாமல் ஓடும் மோட்டாரும் வெறுஞ்சுற்றுத்தான் சுற்றுகிறது. திருப்பு என்றால் சுழற்றுவதும் வருகிறது, திசை மாற்றுவதும் வருகிறது. இங்கே இரண்டும் வேண்டும்.

கியருக்கு ஒத்துவருமா என்று பார்த்தேன். சேஞ்ச் கியர் என்ற மாற்றுப் பல்சக்கரங்களை மாட்டும்போது பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே ஒரு காகிதத்தைக் கொடுத்து நெருக்கி, முடுக்கியதும் காகிதத்தை உருவிவிடுகிறோம். அந்தக் காகித அளவு வெறுந்திருப்பு இருந்தால்தான் கியர் அலறாமல் ஓடும். பொருந்துகிறது. கணினி ஓட்டும் சி.என்.சி. மெஷினில் இதைக் கணக்குப் போட்டுக் கழிக்கிறார்களே, அதை "வெறுந்திருப்பு ஈடு" எனலாம்.

இன்னொன்று, பின்னடைவு என்றால் எப்போதும் குறை. இது அப்படியில்லை. கன்மெட்டல் என்ற வெண்கலத்தில் புது நட்டுக் கடைந்து போட்ட பிறகும் எனக்கு இரண்டு கோடு இருக்கிறது. இருக்கத்தான் வேண்டும், எண்ணெய்க்கு இடம் வேண்டாமா? அதையும் ஒழிக்கப் பார்த்தால், திருகு நடுவில்தான் அதிகம் தேய்ந்திருக்கும் என்பதால், நடுவில் சரியாக ஓடுவது ஓரத்தில் போய்ச் சிக்கிக்கொள்ளும்.

1930களிலேயே சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் கலைச்சொல் ஆக்கியது நெல்லையில் இருந்துதான். அந்த ஊர்க்காரன் என்ற தைரியத்தில் அனுப்புகிறேன். திட்டுகிறவர்கள் திட்டலாம்.

பாளையிலிருந்து

———

அண்ணாச்சி, விளக்கம் சரி. எங்கள் அம்பாசமுத்திரத்தில் மரத்தில் செப்புச் சாமான் (குழந்தைகளின் விளையாட்டுச் சாமான்) கடைகிறவர்கள் உளியைக் கையிலேயே பிடிப்பதால் அவர்களுக்கு இந்தத் தொல்லையே கிடையாது! ஆனால் ஒரு சந்தேகம். "கடைசல் எந்திரம்" என்று அழகான பேர் இருந்தும் போர்டில் "லேத் ஒர்க்ஸ்" என்றுதான் எழுதுகிறார்கள். பட்டறையில் இவ்வளவு நீளமான சொல் நிற்குமா? சுருக்கினால் "வெறுப்பு" ஆகிவிடுமே.

———

தம்பி, பதினொரு கோடு இருந்தால் வருவதும் அதுதான்.

நீளம் பற்றி நீங்கள் சொல்வது நியாயம். எழுத்தில் வெறுந்திருப்பு, பேச்சில் "சும்மாச் சுத்து" என்று இருந்துவிட்டுப் போகட்டும். டர்னர் அண்ணாச்சியிடமும் நேற்று இந்தச் சொல்லைச் சொன்னேன். ஒரு முறை சொல்லிப் பார்த்தார். அப்புறம் என் கை டயலில் மூன்று கோடு மட்டும் பின்னால் போவதைப் பார்த்துவிட்டார்.

"பேரு என்ன வேணா வையும். முழுசா ஒரு சுத்துப் பின்னால போயிட்டு வாரும்வே."